ஆற்றுத் தண்ணீர் எடுத்துச் சோதிப்பவர்கள் இருக்கிறீர்களா? மறக்க முடியாத ஒரு நாளைச் சொல்லுங்கள்

செந்தூல்வாசி:
எங்கள் குழு சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு கோலாலம்பூர் கோம்பாக் ஆற்றில் தண்ணீர் எடுக்கும். இரண்டு வருடமாக அதே இடம், அதே நேரம். சோதனைக் கணக்கு ஒன்றும் மோசமில்லை. கரையோர வீட்டுப் பாட்டிதான், "நீங்க வர்ற நேரத்துல அது நல்ல பிள்ளையா இருக்கும். விடியக்காலையில வந்து பாருங்க" என்றார். போன மாதம் ஐந்தரைக்கே இறங்கினேன். அடுக்குமாடி பக்கத்துக் குழாயிலிருந்து சாம்பல் நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கரைந்தும் கரையாமலும் டிஷ்யூ. தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்க்கும் பாட்டிலில் இரண்டு சோதனை மருந்தையும் விட்டு மூடிக் கவிழ்த்தேன். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகப் படியும், இல்லையென்றால் வெள்ளை, தெரியும்தானே. டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வெள்ளை. திரிந்த பால் மாதிரி வெள்ளையாகவே அடியில் இறங்கியது. காலடியில் ஒரு பண்டாராயா மீன், அழுக்குத் தண்ணீரிலும் பிழைக்குமே அந்த உறிஞ்சு வாய் மீன், மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போனது. ஒன்பது மணிக் கணக்கை வைத்துக்கொண்டு "ஆறு பரவாயில்லை" என்று இத்தனை நாள் ஊருக்குச் சொல்லியிருக்கிறோம். அதுதான் தூங்க விடவில்லை.

பத்துமலை அக்கா:
தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பத்து ஆற்றில் எடுத்தோம். மறுநாள் கிருமி சோதிக்கும் அட்டையில் நீலப் புள்ளிகள், எண்பது வரை எண்ணி நிறுத்திவிட்டேன். மலக்கிருமி. ஆனால் மனதில் நிற்பது அது இல்லை. நான் பாட்டிலை முக்கும்போது பக்கத்தில் ஓர் அப்பா, மொட்டை போட்ட பிள்ளையின் தலையில் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி ஊற்றினார். கண்ணை மூடி முருகா என்றார். எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பென்சாலா குமார்:
தம்பி செந்தூல், வெள்ளை வந்ததுமே குழாயைச் சொல்லிவிட முடியாது. பாசி பகலில் ஆக்சிஜன் கொடுக்கும், இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும். பாசி உள்ள ஆற்றில் விடியலில் ஆக்சிஜன் குறைவாகத்தான் இருக்கும். அம்மோனியா பார்த்தீர்களா? சிறுநீர் கலந்தால் அதுதான் காட்டிக்கொடுக்கும். குழாய்க்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில் எடுங்கள். கீழிருந்து மேலே நடங்கள், இல்லாவிட்டால் நீங்கள் கலக்கிய சேறே பாட்டிலுக்குள் வரும். மேல் நுரையை அள்ளாதீர்கள். மழை பெய்த அன்று எடுத்தால் லோங்காங் (தெருவோரச் சாக்கடை) கழுவிய தண்ணீர்தான் கிடைக்கும். பழைய வீடுகளில் சமையலறைத் தண்ணீரும் லோங்காங்கில்தான் போகிறது, அதையும் மறக்க வேண்டாம். புகாரில் "நாற்றம்" என்று மட்டும் எழுதினால் போதாது, மணி, இடம், படம் மூன்றும் வேண்டும். 2009 விதிப்படி புதிய கழிவுநீர் நிலையம் விடும் தண்ணீரில் பிஓடி, அதாவது கழிவைத் தின்னும் கிருமிகள் இழுக்கும் ஆக்சிஜன் அளவு, அதிகபட்சம் லிட்டருக்கு 20 மில்லிகிராம், ஆற்றின் கீழ்ப்பகுதியில் குடிநீர் எடுக்கும் இடம் இல்லையென்றால் 50. அதைத் தாண்டியதா என்று லேப் சொன்னால்தான் பேச்சு நிற்கும். என் கதை சின்னது. ஒரு நிலையத்தின் வேலியோரம் நின்றேன், காற்று ஊதும் மெஷின் சத்தமே இல்லை. காற்று இல்லையென்றால் அங்கே கழிவைத் தின்னும் கிருமிகள் செத்துவிடும். அந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது.

ஜெலுத்தோங் பையன்:
அண்ணே, கலங்கல் தண்ணீரில் வெளிச்சமே இறங்காது, பாசி எங்கே இருந்து வரும்? எல்லாவற்றுக்கும் பாசியைச் சொன்னால் குழாய்க்காரர்களுக்குத்தான் வசதி. பினாங்கில் எங்கள் தொல்லை வேறு. பினாங்கு ஆற்றில் கடல் ஏறும்போது எடுத்தால் உப்புத்தண்ணீர் கலந்து கணக்கு நல்லதாகத் தெரியும். ஒரு நாள் பாலத்தில் நிற்கிறேன், ஒரு பேம்பர்ஸ் மலைப்பக்கம் நோக்கி மெதுவாக மிதந்து போகிறது. ஆறே திரும்பி ஓடியது. அன்றிலிருந்து கடல் வற்றும் நேரம் பார்க்காமல் பாட்டிலைத் தொடுவதில்லை.

செந்தூல்வாசி:
குமார் அண்ணே, கேட்டது சரிதான். அன்றைக்கே குழாய்க்கு மேலேயும் எடுத்தேன், அவசரத்தில் எழுத விட்டுப்போச்சு. மேலே எடுத்த பாட்டில் பழுப்பு. அம்மோனியா மேலே இளமஞ்சள், கீழே கரும்பச்சை. நான்கையும் வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்துப் படம் எடுத்துச் சுற்றுச்சூழல் இலாகாவுக்கு அனுப்பினேன். இந்த சனி மறுபடி ஐந்தரைக்குப் போகிறோம். பாட்டி டார்ச் பிடிக்கிறேன் என்றிருக்கிறார். அக்கா, அடுத்த பூசத்துக்கு முன்னால் சொல்லுங்கள், நாங்கள் நாலு பேர் வந்து ஆற்றோரம் நிற்கிறோம்.