வேற நட்சத்திரத்து கோளுக்கு போடே விதி செல்லுமா?

நெல்லை வானம்:
சூரியன்ல இருந்து கோளுவ எவ்வளவு தூரத்துல இருக்கும்னு சொல்லுத டைட்டியஸ்-போடே விதிய எல்லாரும் பழசுன்னு ஒதுக்குதிய. 0.3, 0.6, 1.2ன்னு ரெட்டிச்சு ரெட்டிச்சு 0.4 கூட கூட்டுனா, பூமியோட தூரத்த ஒண்ணுன்னு வச்சு, பூமி 1.0, வியாழன் 5.2ன்னு அப்படியே விழுது. யுரேனஸுக்கு 19.6ங்குது, 1781ல கெடச்சது 19.2ல. 1801ல செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல கெடக்க செரஸ்ங்கற குறுங்கோளும் 2.8 கிட்டதான் வந்துச்சு. இதே கணக்க மத்த நட்சத்திரத்துக்கும் போட்டு விட்டுப்போன கோள தேடலாம்லா?

அம்பை அக்கா:
நெப்டியூன ஏன் தம்பி விட்டுட்டிய? விதி 38.8ங்குது, கெடக்கது 30ல. நீங்க சொல்லுதத தேடியும் பாத்தாச்சு, இந்த விதி கணிச்ச 97 கோள ஹுவாங், பாகோஸ்னு ரெண்டு வானியல்காரங்க 2014ல கெப்ளர் விண்வெளி டெலஸ்கோப் டேட்டால தேடி அஞ்சுதான் ஆப்ட்டுச்சு.

நெல்லை வானம்:
ஆப்டலைன்னா இல்லைன்னு ஆயிருமா அக்கா? நட்சத்திரத்துக்கு குறுக்க போனாத்தான கெப்ளருக்கு தெரியும், பாத லேசா சாஞ்சிருந்தாலோ கோள் ரொம்ப சின்னதா இருந்தாலோ வெளிச்சம் கொறையதே தெரியாதுல்லா.

அம்பை அக்கா:
அப்படி பாத்தா எந்த கணிப்பும் தோக்கவே தோக்காது. ட்ராப்பிஸ்ட்-1ங்கற நட்சத்திரத்துல ஏழாவது கோள் ‘எச்’ ஸ்பிட்சர் டெலஸ்கோப்புல ஒரே ஒரு தடவதான் தெரிஞ்சுது, எத்தன நாளைக்கு ஒருக்க சுத்துதுன்னே புடிபடல. ஆனா அங்க கோளுவ ஒண்ண ஒண்ணு இழுத்து ஒத்திசைவுல, அதாவது சுத்துற நாளெல்லாம் சின்னச் சின்ன முழு எண் விகிதத்துல, மாட்டிக் கெடக்கு. அதுல ‘எஃப்’ங்கற கோள் சுத்த 9.207 நாள், ‘ஜி’ங்கற கோள் சுத்த 12.353 நாள். 2ங்கற எண்ண 12.353ஆல வகுத்து, அதுல 1/9.207 கழிச்சு, வந்தத தலைகீழா போடுங்க, 18.77 கிட்ட வரும். 2017ல கெப்ளரோட ரெண்டாம் கட்டமான கே2 டேட்டாலயும் அதே 18.77 நாள்தான். இதுல ஈர்ப்புன்னு ஒரு காரணம் இருக்கு, போடே விதில என்ன காரணம் இருக்கு?

தென்காசி தாஸ்:
அக்கா, அது சங்கிலியா கோத்த அமைப்புக்கு மட்டுந்தான். கெப்ளர் பாத்ததுல முக்காவாசி அப்படி இல்ல. அங்க கோளோட நிறை (mass) எவ்வளவுங்கறத வச்சு நியூட்டன் ஈர்ப்ப கம்ப்யூட்டர்ல படிப்படியா ஓட்டணும், வேற வழியில்ல. கெப்ளர்-19ங்கற நட்சத்திரத்துல ஒரு கோள் அஞ்சு நிமிஷம் முந்தியும் பிந்தியும் வரப்போயித்தான கண்ணுக்கே தெரியாத இன்னொண்ணு இருக்குன்னு 2011ல சொன்னாங்க.

நெல்லை வானம்:
அதுக்கெல்லாம் மொதல்ல ஒரு கோளாவது தெளிவா தெரியணும்லா. ஒத்திசைவே இல்லாத எடத்துல எங்க தேட ஆரம்பிக்கன்னு சொல்லுததுக்கு இந்த விதியாவது இருக்குன்னுதான் நான் நிக்கேன்.

அம்பை அக்கா:
97க்கு அஞ்சுன்னு வார விதிய நம்பி டெலஸ்கோப் நேரத்த யாரும் குடுக்க மாட்டாங்க தம்பி. 2023ல எச்டி 110067ங்கற நட்சத்திரத்துல என்ன பண்ணுனாங்கன்னு பாருங்க, உள்ள இருக்க மூணு கோளு 9.11, 13.67, 20.52 நாள், அந்த விகிதத்த வச்சே வெளிய 30.79, 41.06, 54.77ன்னு கணிச்சு, டெஸ் விண்வெளி டெலஸ்கோப் டேட்டால எந்தக் கோளோடதுன்னு தெரியாம கெடந்த வெளிச்சக் கொறைவெல்லாம் அதோட பொருந்துச்சு.