"ஃப்ரீயா? கொஞ்சம் பேசணும்": இது ஒரு மெசேஜா?

மழைக்காகிதம்:
எங்கள் மேனேஜர் இப்படித்தான் போடுவார். எதைப் பற்றி என்று சொல்ல மாட்டார். "சொல்லுங்க சார்" என்று போட்டுவிட்டு, வேலை ஓடாமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடைசியில் பார்த்தால் ஒரு ஃபைலுக்குப் பெயர் மாற்ற வேண்டுமாம். அதை அந்த மெசேஜிலேயே எழுதினால் என்ன? எழுத்தில் இருந்தால் நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்ற பேச்சும் வராது.

வாய்ச்சொல்:
எழுத்தில் தொனி போய்விடுகிறதே நண்பரே. 2005இல் க்ரூகர், எப்லி என்ற உளவியலாளர்களின் குழு ஒரு சோதனை செய்தது. சொல்வது கிண்டலா நிஜமா என்று குரலில் கேட்டவர்கள் 73 சதவீதம் சரியாகப் பிடித்தார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் 56தான், ஏறக்குறைய பூவா தலையா கணக்கு. அனுப்பியவர்களோ பெரும்பாலும் புரிந்துவிடும் என்றே நம்பினார்கள். "சரி." என்று முற்றுப்புள்ளியோடு வந்த பதிலைப் பார்த்து, கோபமாக இருக்கிறாரோ என்று நீங்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டதே இல்லையா?

மழைக்காகிதம்:
உண்டு. ஆனால் குரல் மட்டும் ஒழுங்கா? 1977, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு, விமான ஓடுதளம், மூடுபனி. புறப்படக் காத்திருந்த விமானத்திடம் கட்டுப்பாட்டு அறை "ஓகே" என்றது. அதற்குப் பிறகு "காத்திருங்கள்" என்று சொன்னது, அதே நொடியில் இன்னொரு விமானமும் பேசியதால் இரைச்சலில் அமுங்கிப்போனது. அது கிளம்பி மற்றதன் மேல் மோதியது; இறந்தவர்கள் 583 பேர்.

வாய்ச்சொல்:
அதற்குப் பிறகு விமானிகள் கடிதமா எழுத ஆரம்பித்தார்கள்? கேட்ட உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்லும் முறையைத்தான் இறுக்கினார்கள். எழுத்தின் லட்சணத்துக்கு, 2003இல் தரை திரும்பும்போது சிதறிய கொலம்பியா விண்ணோடத்தைப் பாருங்கள். கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்து இறக்கையில் மோதிய நுரைத்துண்டு, சோதனைகளில் பயன்படுத்தியதைவிடப் பல நூறு மடங்கு பெரியது. அந்தத் தகவல், பொறியாளர்கள் நாசாவுக்குக் காட்டிய ஒரு ஸ்லைடின் அடியில், கடைசி வரியில் கிடந்தது. தலைப்போ தைரியம் சொன்னது. விசாரணைக் குழுவே இதைச் சுட்டிக்காட்டியது.

மழைக்காகிதம்:
அது எழுதத் தெரியாததன் கோளாறு. எழுத்தின் கோளாறு இல்லை.

இரண்டாம்ஷிஃப்ட்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் ஷிஃப்ட் மாறும்போது பதிவேட்டிலும் எழுதுவோம், மெஷின் முன்னால் நின்று வாயாலும் சொல்வோம். "மூன்றாவது பம்ப் சத்தம் வருது" என்று எழுதிவிடலாம். என்ன மாதிரிச் சத்தம் என்பதை ஆளைக் கூட்டிப்போய்க் கேட்க வைத்தால்தான் உண்டு. இரண்டில் ஒன்று போதும் என்பது மேஜை வேலைக்காரர்களின் சொகுசு. அப்புறம், உங்கள் மேனேஜர் எழுதாததற்குக் காரணம் தொனியும் இல்லை, ஒன்றும் இல்லை. எழுதினால் மாட்டிக்கொள்வார்.

வாய்ச்சொல்:
எல்லாருமா அப்படி? சிலருக்கு டைப் அடிக்கவே அலுப்பு. பேசி முடித்ததும் நீங்களே "நாம் பேசியபடி" என்று இரண்டு வரி அனுப்பிவிடுங்கள், தீர்ந்தது.

மழைக்காகிதம்:
அனுப்பிப் பார்த்தாயிற்று. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அது சம்மதமா, "பார்த்தேன்" என்பதா? அதைக் கேட்க இனி நான் "ஃப்ரீயா சார்?" என்று போட வேண்டும்.