ஒரு பெருநகரம், பல நகராட்சிகள்: ஒன்றாக்கினால்தான் தீருமா?

மழைக்கோடு:
ஒரே மாநகராட்சி வேண்டும் என்பதே என் கட்சி. மேட்டிலுள்ள நகராட்சி தன் வாய்க்காலை அகலப்படுத்தி, கரைக்கு சிமெண்ட் பூசிவிடுகிறது. தண்ணீர் வேகமாக இறங்கி வந்து, எல்லைக்கல்லைத் தாண்டியதும் பழைய குறுகலான வாய்க்காலில் முட்டிப் பள்ளத்து வீடுகளுக்குள் ஏறுகிறது. அவர்கள் எல்லை, அவர்கள் வரிப்பணம். பள்ளத்துக்காரர் யாரைக் கேட்பது? 1986இல் லண்டன் பெருநகர மன்றத்தைக் கலைத்தார்கள். நகரம் முழுவதற்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு 2000இல்தான் திரும்ப வந்தது.

தெருமுனை:
அந்த உதாரணம் என் பக்கம்தான் சேரும். 2000இல் வந்த அமைப்பு 32 பரோக்களையும் (நகரத்துக்குள் உள்ள பகுதி நகராட்சிகள்) கலைக்கவில்லையே! போக்குவரத்து மேலே, குப்பையும் நூலகமும் கீழே. கனடாவின் டொராண்டோவில் 1997 வாக்கெடுப்பில் மக்கள் எதிர்த்தும் மறு ஆண்டே ஆறு உள்ளாட்சிகளை ஒன்றாக்கினார்கள். அதே நாட்டில் மான்ட்ரியல் தீவை 2002இல் ஒரே நகரமாக்கினார்கள். 2006இல் 15 ஊர்கள் பிரிந்துவிட்டன. தெருவிளக்கு எரியவில்லை என்றால் போய்ச் சொல்ல, முகம் தெரிந்த கவுன்சிலர் வேண்டாமா?

மழைக்கோடு:
பிரிந்தவற்றில் வெஸ்ட்மவுண்ட் போன்ற வசதியான ஊர்களும் உண்டு. என் கவலையே அதுதான். ஆலையும் அலுவலகங்களும் ஓர் ஊரில், அங்கே வேலை செய்பவர்களின் வீடுகள் பக்கத்து ஊரில். வரி அங்கே போகிறது, பள்ளிக்கூடச் செலவும் சாக்கடைச் செலவும் இங்கே விழுகின்றன.

தெருமுனை:
சரி, இது நியாயமான குறை. ஆனால் வரியைப் பகிர ஊரைக் கலைக்க வேண்டாம். அமெரிக்காவின் மினியாபொலிஸ், செயின்ட் பால் வட்டாரத்தில் 1971 சட்டப்படி, வணிக, தொழில் சொத்துகளின் வரி அடிப்படை வளரும்போது அந்த வளர்ச்சியில் 40 சதவீதம் பொதுத் தொகுப்புக்குப் போகிறது. சொத்து வளம் குறைந்த ஊருக்கு அதில் கூடுதல் பங்கு.

இருகரை:
குறுக்கே வருகிறேன். அங்கே ஊர்களுக்கு மேலே இருக்கும் மண்டல மன்றத்தின் உறுப்பினர்களை மாநில ஆளுநர் நியமிக்கிறார். பள்ளத்துக்காரர் அவர்களுக்கு எதிராக ஓட்டுப் போட முடியாது. அதே நாட்டில் போர்ட்லாந்து வட்டாரத்தின் மெட்ரோ என்ற மண்டல மன்றத்தை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

மழைக்கோடு:
தேர்தலோடு, வாய்க்காலும் பேருந்தும் அப்படியொரு மன்றத்தின் கையில் வந்தால் ஊர்களை இணைக்கச் சொல்லி நான் நிற்க மாட்டேன். ஆனால் சொந்தமாக வரி போடும் அதிகாரம் இல்லாத மன்றம் வேண்டாம். ஆண்டுதோறும் ஊர் ஊராகப் பங்குப்பணம் கேட்டு அலையும். ஓர் ஊர் கைவிரித்தால் வேலை அதே எல்லைக்கல்லில் நின்றுவிடும்.

தெருமுனை:
வரி போடட்டும். வாய்க்கால் எந்த வழியாகப் போகும் என்பதை மட்டும் எங்கள் ஊர் மன்றத்தில் வைத்துப் பேசிவிட்டு முடிவு செய்யட்டும்.