‘டிடென்ஷன் பாண்ட்’: நீர்ப்பிடிப்புக் குளமா, வடிகுளமா?

ஐயா, வணக்கம்.

நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) அறிவிப்புப் பலகையில் ‘டிடென்ஷன் பாண்ட்’ என்பதற்கு, அதாவது மழைநீரைச் சிறிது நேரம் தேக்கி மெல்ல வெளிவிடும் குளத்துக்கு, நீங்கள் சொன்ன ‘நீர்ப்பிடிப்புக் குளம்’ எனக்கு உடன்பாடில்லை. நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் மழை விழுந்து ஆற்றுக்கு வடியும் நிலப்பரப்பு முழுவதும். கிள்ளான் ஆற்றுக்கு நீர் தரும் மேட்டு நிலமெல்லாம் அதில் அடங்கும். குளம் அதற்குள் ஒரு மூலை.

மலாயில் ‘கோலாம் தாகுங்கான்’ என்ற ஒரே பெயர் இரண்டு வகைக்கும் ஓடுகிறது. கெப்போங் மெட்ரோபோலித்தான் பூங்காவில் இருப்பதுபோல் எப்போதும் நீர் நிற்பது ஒரு வகை. மழை விட்டதும் வடிந்து காலியாக வேண்டியது இன்னொன்று. நம் தாமானில் இருப்பது இரண்டாவது. அது காலியாக வேண்டும் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். ‘தாங்கல்’ நல்ல பழஞ்சொல்தான், ஆனால் அது பாசன ஏரி. நீர் மாதக்கணக்கில் நிற்கும். இங்கே மனத்தாங்கல்தான் நினைவுக்கு வரும்!

வடிகால் எல்லாருக்கும் தெரிந்த சொல். அதே வழியில் ‘வடிகுளம்’ என்போம். நீர் நிற்பதற்கு ‘நிலைக்குளம்’.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் கூரையிலும் தார்ச்சாலையிலும் ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் மழை பெய்தால் 600 கன மீட்டர் நீர். சராசரியாக நொடிக்கு 167 லிட்டர். 600 சதுர மீட்டர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குளத்தின் அடியில் 200 மி.மீ. விட்டத்தில் ஒரு துளை. குளம் நிறைந்திருந்தாலும் அதன் வழியே நொடிக்குச் சுமார் 83 லிட்டர்தான் போகும். மட்டம் இறங்க இறங்க ஓட்டமும் குறையும். நிறைந்த குளம் வடிய ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஆகவே மறுநாளும் நீர் நின்றால் துளை அடைத்திருக்கிறது. அடுத்த மழைக்கு இடமில்லை. அப்படியே ஒரு வாரம், பத்து நாள் கிடந்தால் ஏடிஸ் கொசு வேறு.

இன்னொரு கோளாறு, சீக்கிரம் வடியட்டும் என்று துளையை உடைத்துப் பெரிதாக்குவது. விட்டம் 400 மி.மீ. ஆனால் ஓட்டம் நான்கு மடங்கு. நீர் வந்த வேகத்திலேயே போய்விடும். குளம் பாதிகூட நிறையாது, கீழே உள்ளவர் வீட்டில் திடீர் வெள்ளம். நீரை விரைவாகத் தள்ளிவிடாமல் மூலத்திலேயே கட்டுப்படுத்து என்பதுதான் மலேசிய வடிகால், பாசனத் துறை 2000-இல் வெளியிட்ட ‘மஸ்மா’ (MSMA) மழைநீர் மேலாண்மைக் கையேட்டின் அடிப்படையே.

அந்தத் துளைக்கு ‘தூம்பு’ என்று வைக்கலாமா?

—

தம்பி, பத்திரிகைகள் ‘நீர்ப்பிடிப்பு’ என்று எழுதிப் பழகிவிட்டன, அதனால்தான் சொன்னேன். வடிகுளம் தெளிவாக இருக்கிறது, அப்படியே வைத்துக்கொள்வோம். தூம்பும் சரி. ‘மதகு’ என்றால் ஏற்றி இறக்கும் கதவைத் தேடுவார்கள். இதில் ஆள் இயக்க எதுவும் இல்லை. குளம் நிறைந்தால் மேலே வழிய விடும் அமைப்புக்குக் ‘கலிங்கு’ இருக்கிறதே, புதிதாக எதற்கு?

விட்டுப்போனது தூம்பின் வாயில் குப்பையைத் தடுக்க வைக்கும் கம்பி. பிளாஸ்டிக் பையும் இலையும் முதலில் வந்து ஒட்டுவது அங்கேதான். அதன் பரப்பு தூம்பைப் போல் பல மடங்கு இருக்க வேண்டும். செங்குத்தாக நிறுத்தாமல் சாய்த்து வைத்தால் குப்பை மேலே ஏறும், வாருவதும் எளிது. ‘குப்பைத் தடுப்பு’ என்றே எழுதிவிடலாம், இதற்குச் சங்கச் சொல் தேட வேண்டாம்.

பலகை வாசகம் இப்படி இருக்கட்டும்: “இது வடிகுளம். மழை விட்ட மறுநாளும் நீர் நின்றால் தூம்பு அடைத்துள்ளது. குடியிருப்பாளர் சங்கத்திடம் சொல்லுங்கள். தூம்பைப் பெரிதாக்காதீர்கள்.”