சவானாவில் மூன்று நாள், நான்கு தோழிகள்: எங்கே பார்ப்பது, என்ன சாப்பிடுவது?

வேப்பம்பூ:

கோவையில் ஒரே ஹாஸ்டல் அறையில் மூன்று வருடம் குப்பை கொட்டியவர்கள் நாங்கள் நான்கு பேர். பதினோரு வருடம் கழித்து, கணவர் பிள்ளைகள் யாரும் இல்லாமல், ஏப்ரல் நடுவில் ஒரு வெள்ளி முதல் ஞாயிறு வரை சந்திக்கிறோம். மற்ற மூவரும் விமானத்தில் அட்லாண்டா வந்துவிடுவார்கள், நான் இங்கேயே இருப்பதால் கார் முதல் அறை வரை எல்லா ஏற்பாடும் என் தலையில். ஊர் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா என்று முடிவாகிவிட்டது, அதில் மாற்றமில்லை.

ஒருத்தி ஓவியக்காரி, கையில் நோட்டு இல்லாமல் நடக்கமாட்டாள். இன்னொருத்தி சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மூன்றாமவள் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவாள். எனக்கு முழங்கால் சரியில்லை. இணையத்தில் தேடினால் பேய் டூர், ட்ராலி வண்டி என்றே வருகிறது, எனக்கு அது வேண்டாம். உட்கார்ந்து பேச இடம், நல்ல படங்கள், அந்த ஊருக்கே உரிய சாப்பாடு, இவ்வளவுதான் கேட்கிறேன். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மணல்மேடு:

நான் சவானாவில் நான்கு வருடம் இருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்து பேசத்தான் அந்த ஊரையே கட்டினார்களோ என்று எனக்குத் தோன்றும். 1733-இல் ஊரை நிறுவிய ஓகிள்தோர்ப் என்ற ஆங்கிலேயர் போட்ட திட்டப்படி, நான்கு தெரு நடந்தால் ஒரு சதுக்கம் வரும். மொத்தம் 24 இருந்தன, இப்போது 22. ஒவ்வொன்றும் சின்னப் பூங்கா, மேலே பெரிய ஓக் மரங்கள், கிளையிலிருந்து சாம்பல் நிறத்தில் தாடி மாதிரி தொங்கும் ஸ்பானிஷ் மாஸ் (பெயர்தான் பாசி, உண்மையில் அன்னாசிக்கு ஒன்றுவிட்ட சொந்தம்). ஆற்றங்கரைப் பக்கம் ஜான்சன் சதுக்கத்தில் தொடங்கி புல் தெருவிலேயே தெற்கே போனால் ரைட், சிப்பெவா, மேடிசன், மான்டெரே என்று ஐந்து சதுக்கம் தாண்டி ஃபோர்சைத் பூங்கா. மொத்தம் ஒரு மைல்தான். முழங்காலுக்கு ஐந்து இடத்தில் பெஞ்சு இருக்கிறது, ஓவியக்காரித் தோழிக்கு ஐந்து படம் இருக்கிறது. ஒரு முழுக் காலையை இதற்கே கொடுங்கள்.

ரிவர் ஸ்ட்ரீட்டில் மட்டும் கவனம். அந்தக் காலத்தில் கப்பலில் எடைக்காக ஏற்றிவந்த கற்களை அப்படியே தரையில் பதித்திருக்கிறார்கள், மேட்டிலிருந்து இறங்கும் கல்படிகளும் செங்குத்து. சிட்டி ஹால் பக்கம் லிஃப்ட் உண்டு, அதில் இறங்குங்கள். அங்கிருந்து எதிர்க்கரைக்கு இலவசப் படகு போகிறது. கடைகளைவிட அந்தப் படகுதான் எனக்குப் பிடிக்கும்.

சாப்பாட்டுக்கு ஜோன்ஸ் தெருவில் மிஸஸ் வில்க்ஸ். 1943-லிருந்து நடக்கிறது. முன்பதிவு கிடையாது, வார நாட்களில் மதியம் மட்டும், ஆகவே உங்களுக்கு வெள்ளிக்கிழமை ஒன்றுதான் வாய்ப்பு. பத்துப் பேர் மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார வேண்டும். வறுத்த கோழி, சிவப்புச் சோறு, வெண்டைக்காய், பீன்ஸ், சோள ரொட்டி எல்லாம் கிண்ணம் கிண்ணமாக நடுவில் இருக்கும், எடுத்துக்கொண்டு பக்கத்தில் தள்ள வேண்டும். நம் ஊர்ப் பந்தி மாதிரி, ஆனால் பரிமாற ஆள் நாம்தான். முடிந்ததும் அவரவர் தட்டை அவரவரே அடுக்களைக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அட்லாண்டாவிலிருந்து நான்கு மணி நேரம் என்பதால் விடிவதற்கு முன்பே கிளம்பினால்தான் வரிசையில் நிற்க முடியும்.

பருப்புசாதம்:

மணல்மேடு சொன்னதில் ஒரு ஆபத்து இருக்கிறது, சைவத் தோழியை அங்கே கூட்டிப் போவதற்கு முன் இதைப் படியுங்கள்.

அமெரிக்கத் தெற்கில் காய்கறி என்றாலே சைவம் என்று நம்பக் கூடாது. காலர்ட் கீரையைப் பன்றிக்கால் எலும்போடுதான் வேக வைப்பார்கள். பீன்ஸிலும் அதே கதை. சிவப்புச் சோறு பார்க்க நம் தக்காளி சாதம் மாதிரியே இருக்கும், பேக்கனோ சாஸேஜோ உள்ளே இருக்கும். வெண்டைக்காய் வறுவல் கேட்டு வாங்கினேன், கோழி பொரித்த அதே எண்ணெய் என்று பிறகுதான் தெரிந்தது. சோள ரொட்டியில் முட்டை. எதைக் கேட்டாலும் "இறைச்சி இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், "எதில் வேக வைத்தீர்கள்" என்று கேளுங்கள், அப்போதுதான் உண்மை வரும்.

தப்பிக்க வழி: காலைக்கு கிரிட்ஸ். வெள்ளைச் சோள நொய்யில் காய்ச்சிய கஞ்சி, தண்ணீரிலா பாலிலா கோழிச் சாற்றிலா என்று கேட்டுவிட்டு, வெண்ணெயும் மிளகும் மட்டும் போடச் சொன்னால் அருமை. அப்புறம் வழியில் சாலையோரம் அவித்த கடலை. தோலோடு உப்புத் தண்ணீரில் வேகவைத்த அதே கடலை, ஜார்ஜியாவில்! நாலைந்து பொட்டலம் வாங்குங்கள், சவானா போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிடும். கேஜன் (லூயிசியானா பாணி) காரம் போட்டது வேண்டாம், அதிலும் பன்றி இருக்கலாம்.

ஐஸ்கிரீமுக்கு 1919-இல் தொடங்கிய லியோபோல்ட்ஸ். வரிசை நீளம், ஆனால் வேகமாக நகரும். முட்டைக்கு இங்கும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவுரி:

படங்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. டெல்ஃபேர் அருங்காட்சியகம் 1886-லிருந்து இருக்கிறது, ஒரே டிக்கெட்டில் மூன்று கட்டடம்: பழைய மாளிகையான அகாடமி, மோஷே சஃப்டி வடிவமைத்த ஜெப்சன் மையம், ஓவன்ஸ்-தாமஸ் வீடு. ஜெப்சனின் வெளிச்சத்துக்காகவே போகலாம். கலீல் ஜிப்ரானைக் கவிஞராக மட்டும் தெரிந்தவர்களுக்கு ஒரு செய்தி, அவர் வரைந்த படங்களின் பெரிய தொகுப்பு ஒன்று இங்கேதான் இருக்கிறது. அவருக்குத் துணைநின்ற மேரி ஹாஸ்கெல் கல்யாணமாகி சவானாவுக்கு வந்தவர், 1950-இல் மொத்தமாகக் கொடுத்துவிட்டார். தாளில் வரைந்தவை வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் எப்போதும் வெளியே இருக்காது, போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓவன்ஸ்-தாமஸ் வீட்டைத் தவறவிடாதீர்கள். முன்பக்கம் 1819-இல் கட்டிய மாளிகை, பின்பக்கம் அடிமைகளாக வைக்கப்பட்டவர்கள் வாழ்ந்த அறைகள். அந்த அறைகளின் கூரையில் இன்னும் நீலச் சாயம் ஒட்டியிருக்கிறது. அவுரி, சுண்ணாம்பு, மோர் கலந்து பூசியது. கெட்ட ஆவி அண்டாது என்று நம்பிக்கை. என் பெயர்க் காரணமும் இதுதான். நான் அங்கே நின்ற இடத்தைவிட்டு நகரவே இல்லை. மாளிகையின் ஒரு படமும் எனக்கு நினைவில்லை, அந்த நீலம் இருக்கிறது.

பருப்புசாதம் சொன்ன சிவப்புச் சோறும் அந்தப் பின்பக்கத்திலிருந்து வந்ததுதான். மேற்கு ஆப்பிரிக்க ஜொல்லோஃப் சோற்றின் பிள்ளை. நெல் விளைத்த கையும் சமைத்த கையும் அவர்களுடையவை. நேரமிருந்தால் ஊருக்கு வெளியே பின் பாயின்ட் கிராமத்துக்குப் போங்கள், பழைய நண்டு, சிப்பித் தொழிற்சாலையை கல்லா-கீச்சி மக்களின் (இந்தக் கடற்கரையில் அடிமைகளாக வைக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள்) அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பேய் டூருக்குக் காசு கட்டுகிறவர்கள் இதற்கு ஏன் போவதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

மணல்மேடு:

அவுரி சொன்னது சரி, நான் வயிற்றிலேயே நின்றுவிட்டேன். இன்னொன்று: ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை அங்குள்ள ஓவியக் கல்லூரிக்காரர்கள் ஃபோர்சைத் பூங்கா நடைபாதை முழுக்கச் சாக்பீஸில் படம் வரைவார்கள். தேதியை ஒரு வாரம் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். மாலையில் கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி கடிக்கும், முழுக்கை போடுங்கள்.

வேப்பம்பூ:

எல்லோருக்கும் நன்றி. தேதியை மாற்றக் கேட்டதும் ஓவியக்காரி விமான டிக்கெட்டை மாற்றிவிட்டாள், எங்களைக் கேட்கக்கூட இல்லை. வெள்ளி விடியற்காலை நான்கரைக்குக் கிளம்புகிறோம். மிஸஸ் வில்க்ஸில் நாங்கள் மூவரும் சாப்பிடும்போது சைவக்காரி மேசையில் உட்கார்ந்து அவித்த கடலை உரிப்பாளாம், விடுவார்களா?

பருப்புசாதம்:

விடமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். சதுக்கத்தில் உட்கார்ந்து உரிக்கச் சொல்லுங்கள், மேடிசன் சதுக்கம் பக்கத்தில்தான்.