ஹார்முஸ் பக்கம் சண்டைன்னா புளியரையில ஏன் பதறணும்?

புளியரை லாரி: செங்கோட்டைல இருந்து ஆரியங்காவு வழியா கொல்லத்துக்கு காய்கறி ஏத்துறோம். நாமதான் ரஷ்யாகிட்டயும் நெறைய எண்ணெய் வாங்குறோமே, அப்புறம் ஈரான்ல குண்டு விழுந்தா டீசல் ஏறிடும்னு ஏன் சொல்றாங்க? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க அண்ணாச்சி

தென்காசி அண்ணாச்சி: தம்பி, யார்ட்ட வாங்குனாலும் வெலை உலகச் சந்தைய ஒட்டித்தான் போகும். சாதாரண நாள்ல உலகம் செலவழிக்கிற எண்ணெய்ல சுமார் அஞ்சுல ஒரு பங்கு ஈரான ஒட்டி இருக்குற ஹார்முஸ்ங்குற குறுகலான கடல் வழியா போகுது, அங்க பதட்டம்னாலே கப்பல் இன்சூரன்ஸ் ஏறிடும், நாம 85 சதவீதத்துக்கு மேல கச்சா எண்ணெய இறக்குமதி பண்றோம், அதுவும் பெரும்பாலும் டாலர்ல, அப்போ ரூபாயும் சேந்து அடி வாங்குது. 1973ல அரபு நாடுகள் எண்ணெய நிறுத்துனப்ப சில மாசத்துல வெலை கிட்டத்தட்ட நாலு மடங்காச்சு

புனலூர் தமிழன்: டீசல் மட்டும் இல்லண்ணே, இந்தப் பக்கம் பாதி வீடு கல்ஃப் காசுல நிக்குது. 1990ல குவைத்த ஈராக் புடிச்சப்ப 1.7 லட்சம் இந்தியர்கள விமானத்துல கூட்டி வந்தாங்க, எண்ணெய் வெலை ஏறி, அங்கருந்து வர்ற பணமும் கொறஞ்சு, ஏற்கனவே தள்ளாடுன அரசாங்கம் 1991ல தங்கத்த அடமானம் வெச்சுது. போரால முதல்ல வேலை போறது நம்ம ஆளுக்குத்தான், அத யாரும் பேசுறதில்ல

புளியரை லாரி: இப்ப புரியுது. வாடகை பேசும்போது என்ன பண்ணலாம்?

தென்காசி அண்ணாச்சி: டீசல் வெலை மாறுனா வாடகையும் மாறும்னு முன்னாடியே எழுதி வாங்கிக்கோ தம்பி