வாயை மூடிச் சிரிக்கும் பழக்கம் குளோசப்பில் தெரிகிறது: பல்லைச் சீரமைத்துக்கொள்ளலாமா?

பெரம்பூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். எட்டு ஆண்டுகள் மேடை நாடகங்களில் நடித்துவிட்டு, இப்போது திரைப்படங்களில் சிறு வேடங்கள் செய்து வருகிறேன். எனக்கு எத்துப்பல். சிறுவயதில் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால், ‘வாயை மூடிச் சிரிடா கண்ணா’ என்பார் பாட்டி. அதட்டிச் சொன்னதில்லை, தலையைத் தடவிக்கொண்டேதான் சொல்வார், அதனாலேயே அது ஆழமாகப் பதிந்துவிட்டதோ என்னவோ. பள்ளியில் எடுத்த குழுப்படங்கள் எல்லாவற்றிலும் உதடு இறுகியே நிற்கிறேன். மேடையில் இது தொல்லை தந்ததில்லை. மூன்றாவது வரிசைக்கு அப்பால் யாருக்குப் பல் தெரியும்?

சென்ற மாதம் சாலிகிராமத்தில் டப்பிங் பேசும்போது ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். பிறந்த குழந்தையை முதன்முதலாகக் கையில் வாங்கும் தகப்பன் சிரிக்கத் தொடங்கிய மறுகணமே, மேலுதடு தானாகக் கீழிறங்கிப் பல்லை மூடுகிறது. அந்த இடத்தில் சிரிப்பவன் தகப்பன் இல்லை, என் பாட்டியின் பேரன். வளர்ப்பில் வந்த இந்தக் கூச்சத்தை நடிப்பவர்கள் எப்படிக் கையாள்கிறீர்கள்? பல் மருத்துவரிடம் போய்விடலாமா?

பழைய மேக்கப் பெட்டி:
தம்பி, கோடம்பாக்கத்தில் 30 ஆண்டுகள் மேக்கப் பெட்டி தூக்கியவன் நான். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒவ்வொருவரும் விரலால் தொட்டுக் காட்டும் இடம், சிறுவயதில் வீட்டில் யாரோ குறைசொன்ன இடமாகத்தான் இருக்கும். ஒருவருக்குக் காதுமடல், ஒருவருக்கு ஏறிய நெற்றி, பெரும்பாலானோருக்கு நிறம். ‘ரெண்டு ஷேடு ஏத்துங்கண்ணே’ என்பார்கள். ஏற்றினால் வெயிலில் முகம் சாம்பல் பூத்து, கழுத்தும் கையும் வேறொருவருடையவை போல நிற்கும்.

தாராபுரத்துக்காரரான நாகேஷ், சென்னையில் ரயில்வே எழுத்தராக இருந்துகொண்டே நாடகம் நடித்தவர். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. 1964இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’, ஓட்டல் சர்வர் ஒருவன் பெரிய நடிகனாகியும் விரும்பிய பெண்ணின் மனத்தைப் பெற முடியாமல் போகும் கதை. அந்தத் தழும்புகளைப் பூசி மறைத்திருந்தால் கதையே நின்றிருக்காது. எல்லோருக்கும் அப்படி எழுதித்தர ஒரு பாலசந்தர் கிடைப்பதில்லை என்பதும் உண்மைதான். ஒன்று மட்டும் சொல்கிறேன்: கையிலுள்ள படம் முடியும்வரை பல்லைத் தொடாதீர்கள். ஏற்கெனவே எடுத்த காட்சிகளோடு முகம் ஒட்டாமல் கன்டினியூட்டி கெட்டுவிடும், கம்பி மாட்டினால் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் கொஞ்ச காலம் பிசிறடிக்கும், டப்பிங்கில் அவதிப்படுவீர்கள்.

குணச்சித்திரம்:
ஐயா சொல்வதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. நாகேஷை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறோம். அதே காலத்தில் அம்மைத் தழும்போடு கதாநாயகியாக நின்ற ஒரு பெண்ணின் பெயரைச் சொல்ல முடியுமா? ஆடிஷனில் என்னைப் பாராட்டிய ஒருவர், அதே மூச்சில் ‘குடும்பப் பெண் முகம் இல்லையேம்மா’ என்று அனுப்பிவைத்தார். கறுப்பாகப் பிறந்த பெண்ணுக்குக் கூச்சத்தை வீடு பாதிதான் ஊட்டுகிறது, மீதியைத் தொழில் ஊட்டுகிறது.

ஆனால் பெரம்பூர் நண்பரின் சிக்கலுக்கு எனக்கு உதவியது ஒன்று உண்டு. கண்ணாடி இடவலம் மாற்றிக் காட்டுகிறது. வாழ்நாளெல்லாம் நாம் பழகிய முகம் அது. கேமரா அப்படி மாற்றாமல் காட்டுவதால், நம் முகமே யாரோ போலத் தெரிகிறது. அந்த அந்நியத்தைத்தான் நான் பல நாள் அசிங்கம் என்று எண்ணியிருந்தேன். செல்போனில் என்னையே எடுத்து, ஒலியை நிறுத்திவிட்டுத் தினமும் பத்து நிமிடம் பார்த்தேன். இரண்டு மாதத்தில் சலித்துவிட்டது, அந்தச் சலிப்புதான் எனக்கு வேண்டியிருந்தது. இன்னொன்று, சிரிக்க வேண்டிய காட்சியில் சிரிப்பை நினைக்காதீர்கள். குழந்தையின் துணி நழுவுகிறதா, தலைக்குக் கை சரியாகத் தாங்குகிறதா என்று பாருங்கள். உதட்டைக் காவல் காக்க உங்களுக்கு நேரமிருக்காது.

நான்காவது உதவி இயக்குநர்:
ஒவ்வொரு டேக் முடிந்ததும் மானிட்டருக்கு ஓடிவரும் வழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். 18 எம்எம் போன்ற அகலக்கோண லென்ஸை முகத்தருகே கொண்டுவந்தால் யாருக்கும் மூக்கும் பல்லும் முன்னே வரத்தான் செய்யும். எந்த லென்ஸ் என்று கேமரா உதவியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு வருத்தப்படுங்கள்.

பெரம்பூர்வாசி:
மூவருக்கும் நன்றி. மானிட்டருக்கு ஓடுபவன்தான் நான், ஒப்புக்கொள்கிறேன். நேற்றிரவு பாட்டியிடமே இதைக் கேட்டேன். தனக்கும் எத்துப்பல் என்பதையும், பெண்பார்க்க வந்த அன்று காபித் தட்டோடு உதட்டைக் கடித்துக்கொண்டே நின்றதையும் சொன்னார். சொல்லி முடித்து, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் பல்லை நான் கவனித்ததே இல்லை. மருத்துவரிடம் வாங்கிய நேரத்தைத் தள்ளி வைத்திருக்கிறேன், ரத்து செய்யவில்லை. படத்தில் எனக்கு இன்னும் நான்கு நாள் வேலை பாக்கி.